தேடத் தெரிந்தால் கிடைக்கும்!

செல்போனில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் பக்கம் வருகிறது. அதில் நமக்கு வேண்டிய பக்கம் எது? நம்மை ஏமாற்ற வந்த பக்கம் எது? விவரம் இதோ.

இரவு எட்டு மணி. குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு.

அப்பா காட்டில் இருந்து வந்தார். கையில் ஒரு மக்காச்சோளக் குருத்து. இலை முழுவதும் ஓட்டை. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி என்னவோ கொட்டிக் கிடந்தது. அந்தத் தூளுக்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது.

"பாப்பா, செல்லுல போட்டுப் பாரு. இது என்ன புழு, என்ன செய்யணும்னு கேளு" என்றார்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் "சோளத்தில் புழு" என்று தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் வரிசையாகப் பக்கங்கள் வந்து நின்றன. குருத்து ஈ என்றது ஒன்று. தண்டுத் துளைப்பான் என்றது இன்னொன்று. பூச்சி மருந்து விளம்பரம் ஒன்று. அப்பா கையில் இருந்த புழுவை மட்டும் காணோம்.

"உலகமே இதுக்குள்ள இருக்குன்னு சொன்னே. ஒரு புழு பேரைச் சொல்ல மாட்டேங்குதே!" என்று சிரித்தார் அப்பா. சிரிப்புதானே தவிர, மனசுக்குள் கவலை. மழையை நம்பி விதைத்த மூன்று ஏக்கர் அது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கதை நடக்காத ஊர் உண்டா?

தவறு யார் மீது? மகள் மீதா? செல்போன் மீதா? இரண்டும் இல்லை. தட்டிய சொல்லின் மீது!

ஊர்ப் பேச்சில் சோளத்தையும் சோளம் என்கிறோம், மக்காச்சோளத்தையும் சோளம் என்கிறோம். பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொன்னால் வரப்பில் நின்று பார்த்துப் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு நம் வரப்பு தெரியாது. சோளம் என்றால் சோளத்தைத்தான் கொண்டுவந்து கொட்டும்.

முன்பே தேடி வைத்துவிட்டது!

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் கூகுள் உலகம் முழுவதும் ஓடித் தேடிக்கொண்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது முன்பே தேடி வைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் தலையாரி இரவில் தெருத்தெருவாகச் சுற்றி வருவார் அல்லவா? அதுபோல ஒரு கணிப்பொறி நிரல் இரவு பகலாக இணையத்தைச் சுற்றி வருகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பெரிய புத்தகங்களின் கடைசியில் சொல்லும் பக்க எண்ணுமாக ஒரு பட்டியல் இருக்கும். அப்படி ஒரு பட்டியல்; ஆனால் கோடிக் கணக்கான பக்கங்களுக்கு. நாம் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

இந்த வேலையை முதலில் செய்து காட்டியவர் ஆலன் எம்டேஜ். பார்படாஸ் தீவைச் சேர்ந்தவர். கனடா நாட்டில் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1990-ல், "ஆர்ச்சி" என்ற தேடும் நிரலை எழுதினார். அதற்குக் கோப்பின் பெயரைத்தான் தேடத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது.

எட்டு ஆண்டு கழித்து, 1998-ல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு இளைஞர்கள் கூகுளைத் தொடங்கினார்கள். லாரி பேஜ் ஒருவர். செர்கே பிரின் மற்றவர். ஒன்று போட்டு அதற்குப் பின்னால் நூறு பூஜ்யம் போட்டால் வரும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் "கூகால்" என்று பெயர். அந்தப் பெயரைத் திரித்துத்தான் "கூகுள்" என்று வைத்தார்கள்.

அவர்கள் செய்த யோசனை நம் வீடுகளில் நடப்பதுதான். பெண் பார்க்கப் போகும் முன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். "நல்ல குடும்பம்" என்று அதிகம் பேர் சொன்னால் நம்புகிறோம். சொல்பவர் ஊரில் மதிப்புள்ளவர் என்றால் அவர் வார்த்தைக்கு எடை அதிகம். அதைப் போலவே, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டுவது யார் என்று பார்த்து முன்னும் பின்னுமாக வரிசைப்படுத்தினார்கள். இன்று இன்னும் எத்தனையோ கணக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

வரிசையில் முதலில் நிற்பவர் உண்மை பேசுபவர் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதை மறந்துவிட வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு செய்தி. 2015-ல் கூகுளின் தலைமை நிர்வாகி ஆன சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். ஆண்டு 1972. அப்போது குஜிலியம்பாறையும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது!

புழுவின் பெயர் கிடைத்தது

மகள் மறுபடியும் தட்டினாள். இந்தத் தடவை, "மக்காச்சோளம் குருத்து புழு."

மூன்றே சொல். பயிரின் பெயர், அடிபட்ட இடம், அடித்தது எது. வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. வருத்தம் சொல்ல வேண்டியதில்லை. வந்த பக்கங்களில் ஒரு புதுச் சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. படைப்புழு.

அந்தச் சொல்லை எடுத்து மூன்றாவது தடவை தட்டினாள். "மக்காச்சோளம் படைப்புழு." இப்போது திறந்தது வாசல்!

தேடுவதில் உள்ள பெரிய சூட்சுமம் இவ்வளவுதான். நாம் என்ன சொல்லால் கேட்கிறோம் என்பதை விட, பதிலை எழுதி வைத்தவர் என்ன சொல்லை எழுதியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். வேளாண்மைப் பேராசிரியர் "இலையெல்லாம் ஓட்டையாகிப் போச்சு" என்று எழுதமாட்டார். "படைப்புழுத் தாக்குதல்" என்று எழுதுவார். அவர் சொல் நமக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தெரிந்த சொல்லை வைத்து ஒரு தடவை தேடி, வருகிற பக்கத்திலிருந்து அவர் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு மறுபடி தேடலாம்.

மருத்துவச் சீட்டுக்கும் இது பொருந்தும். கோர்ட்டு நோட்டீசுக்கும் பொருந்தும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்பவர் "அப்பா இறந்தபின் பேர் மாற்ற என்ன செய்வது" என்று தட்டி அலைவார். "வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் தமிழ்நாடு" என்று தட்டினால் நேரே போய்ச் சேர்வார்.

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018-ல் இந்தியாவுக்கு வந்தது. கர்நாடகத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளைப் பாழாக்கியது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக் கூடியது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் சொல்கிறது. ஒரு இரவில் திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை!

அடையாளம் என்ன? புழுவின் தலையில் ஆங்கில "ஒய்" எழுத்தைத் தலைகீழாக எழுதியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. வால் பக்கத்தில், கடைசிக்கு முந்திய கணுவில், சதுரமாக நாலு கரும்புள்ளி. அப்பா டார்ச் லைட்டை எடுத்துவந்து அடித்தார். மகள் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அப்பா, நாலு புள்ளி இருக்குங்க!"

இங்கே இன்னொரு பாடம் ஒளிந்திருக்கிறது. இந்தப் புழு 2018-ல்தான் நம் நாட்டுக்கு வந்தது. ஆகவே 2015-ல் எழுதிய "மக்காச்சோளப் பூச்சிகள்" என்ற தமிழ்ப் பக்கம் எவ்வளவு நல்ல பக்கமாக இருந்தாலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எழுதியவர் மேல் குற்றம் இல்லை. ஆண்டு பார்க்காமல் படித்தவர் மேல்தான் குற்றம். மருந்து, விலை, அரசு உதவித் தொகை, பரீட்சைத் தேதி இவற்றைத் தேடும்போது சொல்லோடு ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். கூகுளில் "கருவிகள்" என்ற இடத்தில் கடந்த ஓராண்டுப் பக்கங்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது.

ஒரே ஊர், எத்தனை எழுத்து!

திண்டுக்கல்லில் இருந்து எரியோடு வழியாகக் கரூர் போகும் சாலையில் இருக்கிறது குஜிலியம்பாறை. தமிழில் எழுதினால் தொல்லை இல்லை. சிலர் "குசிலியம்பாறை" என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் திண்டாட்டம். "ஜி-யு-இசட்" என்று தொடங்குவார் ஒருவர். "ஜி-யு-ஜே" என்று தொடங்குவார் மற்றவர். "கே" போட்டுத் தொடங்குகிறவர்களும் உண்டு. அரசுப் பக்கங்களிலேயே "இசட்"டும் காணலாம், "ஜே"யும் காணலாம்.

இயந்திரம் ஓரளவுக்கு யூகித்துக்கொள்ளும். ஆனால் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தளங்கள் யூகிக்காது. "நம்ம ஊரே இல்லையே!" என்று திரும்பிவிடக் கூடாது. வேறு எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை தேட வேண்டும். தமிழில் கிடைக்காத அரசாணை ஆங்கிலத்தில் கிடைக்கும். ஆங்கிலத்தில் கிடைக்காத ஊர்ச் செய்தி தமிழில் கிடைக்கும்.

பாளையம் கதை இன்னும் வேடிக்கை. பேரூராட்சியின் பெயர் பாளையம். ரயில் நிலையத்தின் பெயரும் பாளையம். வெறும் "பாளையம்" என்று தட்டிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் வரும், இராஜபாளையம் வரும், உத்தமபாளையம் வரும். திருவனந்தபுரத்தில் ஒரு பாளையம் இருக்கிறது. கோழிக்கோட்டிலும் ஒரு பாளையம் இருக்கிறது. அவையும் வந்து நிற்கும்! "பாளையம் திண்டுக்கல்" என்று மாவட்டத்தைச் சேர்த்தால் கூட்டம் கலைந்துவிடும்.

பழைய விஷயம் தேடுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல். அதற்கு முன் மதுரை மாவட்டம். குஜிலியம்பாறை தனி வட்டம் ஆனது அண்மையில்தான். அதற்கு முன் வேடசந்தூர் வட்டம். தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பற்றித் தேடுகிறவர் "திண்டுக்கல் மாவட்டம், குஜிலியம்பாறை வட்டம்" என்று தட்டினால் வெறும் கையோடுதான் திரும்புவார். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தட்ட வேண்டும்.

மூன்று சின்னக் குறிகள்

தேடும் பெட்டியில் போடக் கூடிய சில குறிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த குறிகள்தான். காசு கேட்காத வேலையாட்கள்!

முதலாவது, இரட்டை மேற்கோள் குறி. சொற்களை இதற்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் வரும். "குஜிலியம்பாறை ஊராட்சி ஒன்றியம்" என்று குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். ஊராட்சி எங்கோ, ஒன்றியம் எங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்கள் ஒதுங்கிவிடும்.

இரண்டாவது, கழித்தல் குறி. வேண்டாத சொல்லை வெளியே தள்ளுவதற்கு. "குஜிலி" என்று மட்டும் தட்டினால் நாம் போய்ச் சேருவது சென்னைக்கு. அங்கே குஜிலி பஜார் என்று ஒரு கடைத்தெரு இருந்தது. கொலைச் சிந்து, ரயில் பாட்டு, தெம்மாங்கு என்று மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் அங்கே விற்றன. "குஜிலி நூல்கள்" என்றே அவற்றுக்குப் பெயர். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது புதையல். நமக்கு வேண்டியது அது இல்லை என்றால், "குஜிலி" என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதோடு ஒட்டினாற்போல் "பஜார்" என்று எழுத வேண்டும். பஜார் உள்ள பக்கங்கள் போய்விடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை நடக்காது.

மூன்றாவதுதான் பெரிய ஆள். ஒரே ஒரு தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லும் குறி. ஆங்கிலத்தில் எஸ்-ஐ-டி-இ, அதாவது "சைட்" என்று எழுதி, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுத வேண்டும். அதன் பிறகு இடைவெளி விட்டுத் தேடும் சொல். இந்திய அரசு, மாநில அரசுத் தளங்கள் பெரும்பாலும் "ஜி-ஓ-வி டாட் ஐ-என்" என்று முடியும். "ஏ-சி டாட் ஐ-என்" என்று முடிவது பல்கலைக்கழகம், கல்லூரி. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முகவரி "டி-என்-ஏ-யு டாட் ஏ-சி டாட் ஐ-என்."

நம் தோட்டத்து வீட்டு மகள் அந்த முகவரியைப் போட்டுப் படைப்புழுவைத் தேடினாள். விளம்பரம் எல்லாம் எங்கோ போயிற்று. கோடையில் ஆழ உழுது கூட்டுப்புழுவை வெயிலில் காயப்போடுவது, கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுவது, வரப்பு ஓரம் தட்டைப்பயறு விதைப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று வந்தது. மருந்துப் பெயர்களும் வந்தன. "மருந்து அளவை மட்டும் ஆபீசரைப் பார்த்துக் கேட்டுக்கிறேன்" என்றார் அப்பா. அது சரி. அளவு பயிரின் வயதைப் பொறுத்தது. செல்போன் வயலுக்கு வந்து வயதைப் பார்க்காது.

பணம் பறிக்கும் எண்கள்

இப்போது கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம்.

பேங்கு கார்டு வேலை செய்யவில்லை. காஸ் சிலிண்டர் வரவில்லை. கூரியர் பார்சல் எங்கேயோ நின்றுவிட்டது. உடனே என்ன செய்கிறோம்? கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தட்டுகிறோம். முதலில் வந்த எண்ணை அழைக்கிறோம். அந்தப் பக்கம் தேன் ஒழுகப் பேசுகிறார்கள். "ஒரு ஆப் இறக்கிக்கொள்ளுங்கள் சார்", "வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் மேடம்" என்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கணக்குக் காலி!

எப்படி நடக்கிறது இது? மோசக்காரன் தானே ஒரு பக்கம் போட்டு, அதில் பெரிய கம்பெனியின் பெயரையும் தன் செல் எண்ணையும் எழுதி வைக்கிறான். இயந்திரம் சொல்லைப் படிக்கும். எண் யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்?

வரைபடத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கூகுள் வரைபடத்தில் கடை, ஆபீஸ் எண்களைப் பொதுமக்களே திருத்தலாம் என்று ஒரு வசதி. நல்ல எண்ணத்தில் செய்த வசதிதான். 2018-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு வங்கியின் கிளைகளுக்கு எதிரே இருந்த எண்களைச் சிலர் மாற்றித் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டார்கள்! வங்கி என்று நினைத்து அழைத்தவர்கள் திருடனிடமே கார்டு விவரத்தைச் சொன்னார்கள்.

ஆகவே எண்ணைத் தேடாதீர்கள். எண் வீட்டிலேயே இருக்கிறது! வங்கி எண் பாஸ்புக்கில் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டின் பின்புறம் இருக்கிறது. காஸ் எண் காஸ் புத்தகத்தில் இருக்கிறது. தேடியே ஆகவேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

சொந்தத் தளம் என்று எப்படி அறிவது? முகவரியில் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். "எச்-டி-டி-பி-எஸ்" என்பதற்குப் பின் வரும் இரட்டைக் கோட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு அடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள பகுதிதான் வீட்டுச் சொந்தக்காரர் பெயர். அது "ஜி-ஓ-வி டாட் ஐ-என்" என்று முடிந்தால் அரசு. நடுவில் "ஜி-ஓ-வி" என்று எழுதி, கடைசியில் "டாட் காம்" என்று முடிந்தால் அது அரசு இல்லை. வாசலில் அரசு போர்டு மாட்டிய தனியார் வீடு!

பட்டா, சிட்டா பார்ப்பவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா விவரத்தை நாமே பார்க்கலாம். அதைப் போலவே தோற்றம் காட்டும் வேறு பக்கங்களும் உண்டு. அங்கே ஆதார் எண்ணையும் செல் எண்ணையும் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

தேடல் பக்கத்தின் உச்சியில், "விளம்பரம்" என்ற பொருளில் சிறிய எழுத்துப் போட்டுச் சில பக்கங்கள் வரும். அவை தகுதியால் முன்னுக்கு வந்தவை அல்ல. காசு கொடுத்து முன்னுக்கு வந்தவை. எழுத்து ஏன் அவ்வளவு பொடியாக இருக்கிறது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பணம் போய்விட்டால்? அழுதுகொண்டு உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு. இந்த உதவி எண் முதலில் 155260 என்று இருந்தது. பிறகு 1930 ஆக மாறியது. பழைய பக்கங்களில் பழைய எண்தான் இருக்கும். மறுபடியும் அந்த ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது பாருங்கள்!

படம் பொய் சொல்லும்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. "நேற்று நம் ஊர்ப் பக்கம் நடந்தது" என்று கீழே எழுதியிருக்கிறது. உண்மைதானா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பித் தெருவுக்கு வந்துவிட்டன என்று செய்தி பரவியது. கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையார் அறிவித்தார்கள்.

படத்தை வைத்தே தேடும் வசதி இருக்கிறது. கூகுளில் கேமரா குறியைத் தொட்டு அந்தப் படத்தைக் கொடுத்தால், அதே படம் வேறு எந்தப் பக்கங்களில் வந்திருக்கிறது என்று காட்டும். "நேற்று" எடுத்த படம் பத்து ஆண்டுக்கு முன் வேறு தேசத்தில் எடுத்ததாக இருக்கலாம். குட்டு உடைந்துவிடும். செடியையும் பூச்சியையும் கூட இப்படிக் காட்டிக் கேட்கலாம். அது சொல்லும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், அந்தப் பெயரைத் தட்டி இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

இப்போது இன்னொரு புதுமை. தேடினால் உச்சியில் ஒரு சுருக்க விடை வருகிறது. செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களைப் படித்துத் தானே கோத்துத் தருவது. 2024-ல் இந்தியாவுக்கு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? பீட்சா ரொட்டியின் மேல் பாலாடைக் கட்டி ஒட்டவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "கொஞ்சம் ஒட்டும் பசை சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று விடை சொன்னது! பல ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒரு குறும்பர் விளையாட்டாக எழுதி வைத்ததை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டது. அந்த விடையின் ஓரத்தில் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தது என்று இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு, சொன்னது யார் என்று பார்த்துவிடுவது நல்லது.

தேடவே கூடாத நேரமும் ஒன்று உண்டு. பாம்பு கடித்தால் செல்போனை எடுப்பது 108-ஐ அழைப்பதற்கு மட்டும். "பாம்புக் கடிக்கு மருந்து" என்று தட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

அப்பத்தாவும் தேடினார்

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? பேசினால் போதும்! 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே தேடலாம். மைக் குறியைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். வெளியூர்ப் பேச்சுப் போல இலக்கணமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் பெயர்களை நிறுத்தி, தெளிவாகச் சொன்னால் தவறு குறையும்.

தோட்டத்து வீட்டு அப்பத்தா திண்ணையில் இருந்தபடியே இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செல்லைக் கொண்டா. நான் ஒண்ணு கேட்கிறேன்" என்றார். கேட்டார். "நம்ம ஊருக்கு ஏன் குஜிலியம்பாறைன்னு பேரு?"

மகள் வந்த பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றியம், வட்டம், மக்கள் தொகை, பஸ் நேரம் எல்லாம் இருந்தன. காரணம் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

இணையத்தில் யாராவது எழுதி வைத்தால்தான் இயந்திரத்துக்குக் கிடைக்கும். எழுதியும் கிடைக்காதவை உண்டு. பழைய புத்தகங்களைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். எழுத்தாக மாற்றாத படத்துக்குள் இருக்கும் சொல் தேடலில் வராது. ஒரு காலத்தில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதின. ஒருவர் எழுத்து மற்றவர் கணிப்பொறியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முந்திய பக்கங்கள் பல மாற்றப்படாமல் கிடக்கின்றன. இன்றைய தமிழில் தட்டினால் அவை வாய் திறக்காது.

இலக்கியம் தேடும் மாணவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. 1998-ல் பொங்கல் நாளில் தொடங்கிய "மதுரைத் திட்டம்" பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் ஏராளம். அங்கே நூலின் பெயர், ஆசிரியர் பெயர் போட்டுத் தேட வேண்டும். உள்ளே உள்ள வரியைப் போட்டால் பல நேரம் கிடைக்காது.

"என்னடி, பேரு காரணம் சொல்லுச்சா?" என்றார் அப்பத்தா.

"இல்லை அப்பத்தா. உங்களுக்குத் தெரியுமா?"

அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அவர் மாமியார் சொன்னது ஒன்று. ஆடு மேய்க்கும்போது கேட்டது ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. மகள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். யார் சொன்னது, எந்தத் தேதி என்றும் கீழே குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அப்பா அந்தக் குருத்தைப் புழுவோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினார். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் புறப்பட்டார். டப்பாவின் மேல் மகள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். அதில், "மக்காச்சோளம். விதைத்து 25 நாள். படைப்புழுவா?" என்று எழுதியிருந்தது.